ஜாகுவார் இ-டைப் வாங்குமுன்: கார் அசல்தானா என்று சரிபார்க்கும் முறை

ஜாகுவார் இ-டைப் என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரின் சேசிஸ் எண், அதாவது ஆலை அதற்குக் கொடுத்த அடையாள எண், போல்ட்டுகளைக் கழற்றினால் தனியே எடுத்துவிடக்கூடிய ஓர் உறுப்பின் மீது அடிக்கப்பட்டிருக்கிறது. இந்தக் காரை வாங்க விரும்புபவர் விலை, நிறம், ஓட்டம் எல்லாவற்றுக்கும் முன்பாக மனத்தில் கொள்ள வேண்டிய செய்தி இதுதான். காரின் நடுப்பகுதியும் பின்பகுதியும் தகடுகளை வெல்டு செய்து உருவாக்கிய ஒரே கூடு. முன்பகுதி அப்படியன்று. என்ஜினையும் முன் சஸ்பென்ஷனையும் தாங்கும் சதுரக் குழாய்ச் சட்டங்கள் அந்தக் கூட்டின் முன்சுவரில் போல்ட்டால் பொருத்தப்பட்டவை. அந்தச் சட்டங்களின் முன்முனையில் குறுக்காக நிற்கும் உறுப்பை, படத்துக்கு மாட்டும் சட்டம்போல் இருப்பதால், பிக்சர் ஃப்ரேம் என்று அழைக்கிறார்கள். சேசிஸ் எண் இருப்பது அதன் வலப்புறத்தில், டேம்பர் (ஷாக் அப்சார்பர்) பொருந்தும் இடத்துக்கு மேலே.

அறுபது ஆண்டுகளில் துருவாலோ விபத்தாலோ அந்தச் சட்டத்தை மாற்ற நேர்ந்த கார்கள் ஏராளம். அதில் தவறேதும் இல்லை. விரிசல் விட்ட சட்டத்தோடு ஓட்டுவதுதான் ஆபத்து. ஆனால் கழற்றிய பழைய சட்டத்தை எவரேனும் விலைக்கு வாங்கி, அதைச் சுற்றி இன்னொரு காரைக் கட்டி எழுப்பினால், ஒரே எண்ணுக்கு இரண்டு கார்கள் உரிமை கொண்டாடும் நிலை வரும். ஆகவே எந்த ஒரு எண்ணையும், எந்த ஒரு சான்றிதழையும் தனித்து நம்பலாகாது. பல தடயங்கள் ஒன்றையொன்று உறுதி செய்கின்றனவா என்று பார்ப்பதே இங்கே சரிபார்த்தல் ஆகும். கீழே உள்ள வரிசை, செலவு குறைந்த வேலையிலிருந்து செலவு மிகுந்த வேலைக்குப் போகிறது. முதல் படிகளிலேயே முரண்பாடு தெரிந்தால் பின்னவற்றுக்குப் பணம் செலவழிக்க வேண்டியதில்லை.

படி 1: எந்த இ-டைப் என்று தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்

1961 மார்ச்சில் ஜெனீவா கண்காட்சியில் அறிமுகமான இந்தக் கார், 1974 வரை கோவென்ட்ரி நகரின் பிரவுன்ஸ் லேன் ஆலையில் ஏறத்தாழ 72,500 எண்ணிக்கையில் உருவானது. முதலில் வந்தது 3.8 லிட்டர் என்ஜின். 1964 அக்டோபரில் 4.2 லிட்டர் என்ஜினும், பழைய மாஸ் கியர்பாக்ஸுக்குப் பதிலாக எல்லாக் கியர்களிலும் சிங்க்ரோமெஷ் (கியர் மாற்றுவதை எளிதாக்கும் அமைப்பு) கொண்ட கியர்பாக்ஸும் வந்தன. 1966-இல் பின்னிருக்கை கொண்ட 2+2 வடிவம் சேர்ந்தது. 1968-இல் சீரிஸ் 2, 1971-இல் 5.3 லிட்டர் வி12 என்ஜின் கொண்ட சீரிஸ் 3 ஆகியவை தொடர்ந்தன. முன்விளக்குகளின் மேல் கண்ணாடி மூடி இருந்தால் அது சீரிஸ் 1. மூடி இல்லாமல், மற்ற பல அம்சங்களில் சீரிஸ் 1 போலவே இருக்கும் 1967–68 கார்களைச் சீரிஸ் ஒன்றரை என்று அழைப்பது வழக்கம்.

இந்த வேறுபாடுகள் விலையோடு நேரடியாகத் தொடர்புடையவை. மிகத் தொடக்கக் காலக் கார்களில், ஏறத்தாழ முதல் 500 கார்கள் வரை, பானெட்டின் பூட்டு வெளிப்புறத்திலிருந்து சாவியால் திறக்கும் வகையில் இருந்தது. 1962-இன் முற்பகுதி வரையான கார்களில் ஓட்டுநரின் காலடித் தளம் பள்ளமின்றித் தட்டையாக இருந்தது. சேகரிப்பாளர்கள் இவற்றுக்கு அதிக விலை கொடுப்பதால், பிந்தைய காரில் தட்டைத் தளத்தை வெல்டு செய்து முந்தைய காராகக் காட்டும் முயற்சிகளும் நடக்கின்றன. விற்பவர் "தொடக்கக் காலக் கார்" என்று சொன்னால், தளத்தையும் பூட்டையும் பார்த்து மனநிறைவு கொள்ளாதீர்கள். எண் அந்தக் காலத்துக்கு உரியதா என்பதே கேள்வி.

படி 2: எண்களைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

ஜாகுவார் நிறுவனம் உடல் வடிவத்துக்கும் ஸ்டியரிங் பக்கத்துக்கும் ஏற்ப எண் தொடர்களைப் பிரித்துக் கொடுத்தது. 3.8 கார்களில் வலப்பக்க ஸ்டியரிங் கொண்ட ரோட்ஸ்டர்கள் (திறந்த கார்கள்) 850001 முதலும், கூபேக்கள் (நிலையான கூரை கொண்டவை) 860001 முதலும், இடப்பக்க ஸ்டியரிங் ரோட்ஸ்டர்கள் 875001 முதலும், கூபேக்கள் 885001 முதலும் தொடங்கின. 4.2 வந்தபோது தொடர்கள் 1இ என்ற முன்னொட்டோடு மாறின: வலப்பக்க ரோட்ஸ்டர் 1இ1001, இடப்பக்க ரோட்ஸ்டர் 1இ10001, வலப்பக்க கூபே 1இ20001, இடப்பக்க கூபே 1இ30001. சீரிஸ் 2-க்கு 1ஆர், சீரிஸ் 3-க்கு 1எஸ் என்ற முன்னொட்டுகள். எண்ணின் இறுதியில் பிடபிள்யூ என்று இருந்தால் அது ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸோடு ஆலையை விட்டு வந்த கார்.

இந்த எளிய அறிவு மட்டுமே இரண்டு பெரிய மாற்றங்களை வீட்டில் உட்கார்ந்தபடியே வெளிப்படுத்திவிடும். முதலாவது, கூபேயின் கூரையை அறுத்து ரோட்ஸ்டராக்குவது. திறந்த கார்களுக்கு விலை கூடுதல் என்பதால் இது நடக்கிறது. ஆனால் எண் 860001 அல்லது 885001 முதல் தொடங்கும் தொடரைச் சேர்ந்தது என்றால் அந்தக் கார் கூபேயாகவே பிறந்தது. இரண்டாவது, ஸ்டியரிங் பக்கத்தை மாற்றுவது. தயாரான இ-டைப்களில் பெரும்பகுதி அமெரிக்காவுக்கு ஏற்றுமதியானது. பின்னாளில் அவற்றில் பல பிரிட்டனுக்குத் திரும்பி வந்து வலப்பக்க ஸ்டியரிங்குக்கு மாற்றப்பட்டன. நேர்த்தியாக மாற்றப்பட்ட கார் நன்றாகவே ஓடும். மாற்றத்தைச் சொல்லி, அதற்கேற்ற விலைக்கு விற்றால் அதில் குறை காண எதுவும் இல்லை. பிறவியிலேயே வலப்பக்க ஸ்டியரிங் கொண்ட கார் என்று சொல்லி விற்பதுதான் ஏமாற்று.

என்ஜின் எண்ணுக்கும் இதே போன்ற ஒழுங்கு உண்டு. 3.8 என்ஜின்கள் ஆர் என்ற எழுத்தோடும், 4.2 என்ஜின்கள் 7இ என்றும், சீரிஸ் 2 என்ஜின்கள் 7ஆர் என்றும், வி12 என்ஜின்கள் 7எஸ் என்றும் தொடங்கும். ஆறு சிலிண்டர் என்ஜின்களில் கடைசியில் வரும் 8 அல்லது 9 அமுக்க விகிதத்தைக் குறிக்கிறது. ஜாகுவாரின் வேறு கார்களிலும் இதே எக்ஸ்கே குடும்ப என்ஜின்கள் இருந்ததால், சலூன் காரிலிருந்து கழற்றிய என்ஜினை இ-டைப்பில் பொருத்துவது எளிது. முன்னொட்டு வேறாக இருந்தால் அது இ-டைப்பின் என்ஜினே அன்று.

படி 3: ஆலைப் பதிவேட்டின் சான்றிதழைப் பெறுங்கள்

ஜாகுவார் டெய்ம்லர் ஹெரிடேஜ் அறக்கட்டளை, ஆலையின் பழைய பேரேடுகளைப் பாதுகாத்து வருகிறது. அவற்றின் அடிப்படையில் தரப்படும் ஹெரிடேஜ் சான்றிதழில் சேசிஸ், என்ஜின், பாடி, கியர்பாக்ஸ் ஆகியவற்றின் எண்கள், தயாரான நாள், ஆலையை விட்டு அனுப்பிய நாள், முதலில் பெற்ற விநியோகஸ்தர், வெளிநிறம், உள்ளலங்கார நிறம் ஆகியவை இருக்கும். விற்பவரிடம் சான்றிதழ் இல்லையென்றால், அதற்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். உண்மையான காரை விற்பவர் அந்தச் சிறு செலவுக்குத் தயங்க மாட்டார். சான்றிதழின் நகல் மட்டும் காட்டப்பட்டால், அசல் தாளைப் பார்க்கக் கேளுங்கள்.

புதியவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது இந்த இடத்தில்தான். இந்தச் சான்றிதழ், இந்த எண் கொண்ட ஒரு கார் இன்ன வடிவில் ஆலையை விட்டு வெளியேறியது என்று மட்டுமே சொல்கிறது. உங்கள் முன் நிற்கும் கார்தான் அந்தக் கார் என்று அது சொல்லவில்லை; சொல்லவும் இயலாது. அந்த இணைப்பை நீங்கள்தான் உலோகத்தில் தேடி உறுதி செய்ய வேண்டும்.

படி 4: காரில் உள்ள எண்களை நேரில் பாருங்கள்

ஒரு நல்ல டார்ச், சிறு கண்ணாடி, கேமரா, சான்றிதழின் நகல் ஆகியவற்றோடு செல்லுங்கள். காரைப் பகலில், காய்ந்த நிலையில் பாருங்கள். பானெட்டைத் திறந்ததும் என்ஜின் அறையில் நான்கு எண்களும் பொறித்த தகடு ஒன்று கண்ணில் படும். அதை இறுதியாகப் படிக்கலாம், ஏனெனில் இந்தத் தகடுகளின் புதிய பிரதிகள் உதிரிபாகக் கடைகளில் வெளிப்படையாகவே கிடைக்கின்றன. எதை வேண்டுமானாலும் அதில் பொறித்துவிடலாம்.

முதலில் பார்க்க வேண்டியது பிக்சர் ஃப்ரேமின் மீதுள்ள சேசிஸ் எண். டார்ச்சை நேராகப் பிடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் குழிவுகள் நிழலோடு தெளிவாகத் தெரியும். ஆலையில் இந்த எண்களைத் தொழிலாளர்கள் கையால் சுத்தியலும் அச்சும் கொண்டு அடித்தார்கள். ஆகவே இலக்கங்கள் சற்று ஏறி இறங்கி, ஆழத்தில் ஏற்றத்தாழ்வோடு இருப்பது இயல்பு. அளவெடுத்து வைத்ததுபோல் சீராக இருந்தால்தான் ஐயப்பட வேண்டும். எண்ணைச் சுற்றி உலோகம் தேய்க்கப்பட்டு மெலிந்திருக்கிறதா, பழைய இலக்கத்தின் சுவடு புதிய இலக்கத்தின் அடியில் தெரிகிறதா, ஒரு சிறு துண்டு மட்டும் வெட்டி ஒட்டியதற்கான வெல்டிங் கோடு பின்புறத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். கனத்த பெயிண்டு எண்ணை மூடியிருந்தால், உரிமையாளரின் அனுமதியோடு அவரையே நீக்கச் சொல்லுங்கள். அனுமதி மறுக்கப்பட்டால் அங்கேயே நிறுத்திவிடுவது நல்லது என்பது என் கருத்து.

சட்டம் மாற்றப்பட்ட கார் என்றால், கழற்றிய பழைய பிக்சர் ஃப்ரேம் எங்கே என்று கேளுங்கள். பொறுப்புள்ள உரிமையாளர்கள் அதைத் துருவேறிய நிலையிலும் காரோடு பத்திரமாக வைத்திருப்பார்கள். பழைய சட்டமும், மாற்றிய பட்டறையின் பில்லும், வேலையின்போது எடுத்த புகைப்படங்களும் இருந்தால், புதிய சட்டம் காரின் அடையாளத்தைக் கெடுக்காது. பழையதும் இல்லை, பில்லும் இல்லை, ஆனால் புதிய சட்டத்தில் எண் பளிச்சென்று இருக்கிறது என்றால், அந்த எண்ணின் மதிப்பு மிகக் குறைவு.

அடுத்து என்ஜின். சீரிஸ் 1 கார்களில் எண் சிலிண்டர் பிளாக்கின் வலப்புறத்தில், ஆயில் ஃபில்டருக்கு மேலே அடிக்கப்பட்டிருக்கும். கார்புரேட்டர்கள் இருக்கும் பக்கம் அதுவே என்பதால் நிழலாக இருக்கும்; கண்ணாடியின் உதவி தேவைப்படலாம். அதே எண் சிலிண்டர் ஹெட்டின் முன்பக்கத்திலும் இருக்கும். பிளாக்கும் ஹெட்டும் வெவ்வேறு எண் காட்டினால் ஹெட் மாற்றப்பட்டிருக்கிறது. அலுமினிய ஹெட் அரிப்புக்கு ஆளாகக்கூடியது என்பதால் இது அரிதன்று, காரின் அடையாளத்தையும் அழிக்காது. பிளாக் வேறு எண்ணைக் காட்டுவதோ, எண் இருக்க வேண்டிய பரப்பு புதிதாகச் சீவப்பட்டதுபோல் மழுங்கலாக இருப்பதோ அப்படியன்று.

பாடி எண் ஒரு சிறு தகட்டில், முன்சுவரின் வலப்பக்கத்தில் இருக்கும். 3.8 கார்களில் ரோட்ஸ்டர்களுக்கு ஆர் என்றும், கூபேக்களுக்கு வி என்றும் தொடங்கும். பலர் இதைப் பார்க்காமலே விட்டுவிடுகிறார்கள். என் அனுபவத்தில் போலிகளைத் தயாரிப்பவர்களும் இதற்கு அதிகக் கவனம் கொடுப்பதில்லை. எனவே இது பயன்மிக்க சாட்சி. தகட்டைப் பிடித்திருக்கும் ஆணிகள் பழையவையா, அதன் கீழும் சுற்றிலும் உள்ள பெயிண்டு ஒரே காலத்ததா என்று கவனியுங்கள். கியர்பாக்ஸ் எண், பெட்டியின் இடப்புறப் பின்மூலையிலும் மேல்மூடியிலும் இருக்கிறது. 3.8 கார்களில் அது இபி (EB) என்று தொடங்கி ஜேஎஸ் என்று முடியும், 4.2 கார்களில் இஜே என்று தொடங்கும். நடுக் கன்சோலைக் கழற்றாமல் அதைப் பார்ப்பது கடினம் என்பதால் முதல் வருகையில் விட்டுவிடலாம். ஆனால் முன்பணம் கொடுப்பதற்கு முன் பார்த்தாக வேண்டும்.

படி 5: உதிரிபாகங்கள் எந்தக் காலத்தவை என்று பாருங்கள்

3.8 காரில் டைனமோவும், பேட்டரியின் நேர்முனையைக் காரின் உடலோடு இணைக்கும் பாசிட்டிவ் எர்த் மின்னமைப்பும் இருந்தன, 4.2 காரில் ஆல்டர்னேட்டரும் நெகட்டிவ் எர்த்தும் வந்தன. தொடக்கக் கால 3.8 கார்களில் டாஷ்போர்டின் நடுப்பகுதியும் கன்சோலும் புள்ளிகள் பதித்த அலுமினியத் தகட்டால் ஆனவை. டிக்கி மூடியின் மீது 3.8 கார்களில் ஜாகுவார் என்ற பெயர் மட்டும் இருக்கும், 4.2 கார்களில் இ-டைப் என்றும் 4.2 என்றும் கூடுதலாக இருக்கும். லூகாஸ் நிறுவனத்தின் டைனமோ, ஸ்டார்ட்டர் மோட்டார் போன்றவற்றில் தயாரித்த மாதமும் ஆண்டும் அடிக்கப்பட்டிருக்கும். காரின் தயாரிப்பு நாளுக்குச் சில மாதங்கள் முந்தைய தேதிகள் பல உறுப்புகளில் ஒத்து வருவது, ஒரு காரைப் பற்றிக் கிடைக்கக்கூடிய மிக இனிய செய்திகளுள் ஒன்று. இவற்றில் ஒன்றிரண்டு மாறியிருப்பதால் கார் போலியாகிவிடாது; ஓட்டப்பட்ட காரில் உறுப்புகள் மாறத்தான் செய்யும்.

படி 6: காரை உயர்த்தி, கூட்டை ஆராயுங்கள்

இந்தப் படிக்கு இ-டைப் வேலையில் பழகிய ஒரு நிபுணரை, விற்பவர் பரிந்துரைக்காத ஒருவரை, பணம் கொடுத்து அழைத்துச் செல்லுங்கள். எண் அடித்த முன்சட்டம் கழற்றக்கூடியது என்பதால், கூடுதான் காரின் உண்மையான உடல். அதில் எவ்வளவு பழைய தகடு மிஞ்சியிருக்கிறது என்பதுதான் அறிய வேண்டியது. துரு முதலில் தின்னும் இடங்கள்: கதவுகளுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் பெட்டி வடிவச் சில்கள், தளம், பின் சஸ்பென்ஷனின் ரேடியஸ் ஆர்ம் தளத்தோடு இணையும் இடம், டிக்கித் தளத்தில் ஸ்டெப்னி வைக்கும் குழி, முன்சட்டங்கள் போல்ட்டால் இணையும் முன்சுவர். பெயிண்டின் கனத்தை அளக்கும் கருவி, உள்ளே பட்டி எவ்வளவு பூசப்பட்டிருக்கிறது என்று காட்டிவிடும். கருவி இல்லாவிட்டால் மெல்லிய துணி சுற்றிய காந்தமே போதும். ஆலையில் தகடுகளைச் சிறு வட்டங்களாகச் சீரான இடைவெளியில் ஸ்பாட் வெல்டு செய்திருந்தார்கள். அந்த வட்டங்கள் இருக்க வேண்டிய விளிம்புகளில் தொடர் வெல்டிங்கோ, அரைத்து மழுக்கிய பரப்போ இருந்தால் தகடு மாறியிருக்கிறது.

மாற்றிய தகடு குற்றமன்று. முழுமையாகப் பழைய தகட்டோடு மிஞ்சியிருக்கும் இ-டைப்கள் மிகச் சில. கூபே என்று ஆலை பதிந்த காரின் பின்பகுதியில் ரோட்ஸ்டரின் தகடுகள் இருப்பதும், இரண்டு கார்களின் பாதிகளை ஒட்டியதற்கான குறுக்குக்கோடு தளத்தில் இருப்பதும் வேறு வகை. அங்கே கேள்வி காரின் தரத்தைப் பற்றியதன்று, அதன் அடையாளத்தைப் பற்றியது.

படி 7: தாள்களின் தொடர்ச்சியை அடுக்குங்கள்

பிரிட்டனில் உள்ள காருக்கு வி5சி பதிவுத்தாள் இருக்கும். அதிலுள்ள சேசிஸ் எண், நீங்கள் உலோகத்தில் படித்த எண்ணோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். அந்தத் தாள் சொத்துரிமைச் சான்றன்று என்பதை அதன் மேலேயே அச்சிட்டிருக்கிறார்கள். ஆகவே விற்பவர் தாம் வாங்கியதற்கான ரசீதையும் கேளுங்கள். அதற்கு முந்தைய காலத்துக்குப் பழைய அட்டை லாக்புக்குகள், எம்ஓடி (பிரிட்டனின் வாகனத் தகுதிச் சோதனை) சான்றிதழ்கள், பட்டறை பில்கள், காப்பீட்டுத் தாள்கள் ஆகியவை உதவும். அமெரிக்காவிலிருந்து வந்த காருக்கு அந்த மாநிலத்தின் டைட்டில் பத்திரமும், இறக்குமதி வரி செலுத்திய தாளும் தேவை. எல்லாவற்றையும் ஆண்டு வாரியாகத் தரையில் பரப்பி வையுங்கள். இடைவெளிகள் எங்கே இருக்கின்றன, எந்தத் தாளில் முதன்முதலாக எண்ணோ நிறமோ மாறுகிறது என்பது உடனே புலப்படும். ஜாகுவார் டிரைவர்ஸ் கிளப் போன்ற சங்கங்களில் இந்தக் கார்களைப் பல்லாண்டுகளாகக் கவனித்து வருபவர்கள் இருக்கிறார்கள். அதே எண்ணோடு இன்னொரு கார் எங்கேனும் இருக்கிறதா என்று அவர்களிடம் கேட்பது மிக அவசியம்.

அரிய வகைகள் பற்றி ஒரு தனி எச்சரிக்கை

1963-இல் அலுமினிய உடலோடு பந்தயத்துக்காகக் கட்டத் திட்டமிட்ட 18 லைட்வெயிட் கார்களில் அப்போது 12 மட்டுமே முடிக்கப்பட்டன. மீதி 6 கார்களை ஜாகுவாரே 2014-இல் தொடங்கிக் கட்டி முடித்தது. இவை அனைத்தின் வரலாறும் நன்கு அறியப்பட்டது. வேறு எங்கிருந்தேனும் ஒரு லைட்வெயிட் கிடைத்தால் அது பிரதியே. அதேபோல் சீரிஸ் 3-இன் கடைசி 50 ரோட்ஸ்டர்களில் 49 கறுப்பு, ஒன்று பச்சை; அவற்றின் டாஷ்போர்டில் ஜாகுவார் நிறுவனர் வில்லியம் லயன்ஸின் கையெழுத்தோடு தகடு இருக்கும். தகட்டைப் பார்த்து முடிவு செய்யாமல் சேசிஸ் எண்ணை ஆலைப் பதிவோடு ஒப்பிடுங்கள்.

படி 8: சொன்னதை எழுத்தில் வாங்குங்கள்

எண்கள் நான்கும் ஒத்திருக்கின்றன, ஸ்டியரிங் மாற்றப்படவில்லை, கூடு இன்ன ஆண்டில் இன்ன இடங்களில் புதுப்பிக்கப்பட்டது என்பவை போன்ற கூற்றுகளை விற்பவர் வாயால் சொன்னால், அவற்றை அப்படியே ரசீதில் எழுதிக் கையெழுத்திடச் சொல்லுங்கள். இங்கிலாந்தின் 1967-ஆம் ஆண்டுத் தவறான கூற்றுச் சட்டம், பொய்யான கூற்றை நம்பி வாங்கியவருக்குப் பரிகாரம் தருகிறது. ஆனால் அப்படி ஒரு கூற்று சொல்லப்பட்டது என்று மெய்ப்பிக்க எழுத்து வேண்டும். ஏலத்தில் வாங்குவதானால் பட்டியலின் சொற்களை ஒவ்வொன்றாகப் படியுங்கள். "என்று நம்பப்படுகிறது", "என்று உரிமையாளர் தெரிவிக்கிறார்" என்று எழுதப்பட்டவை ஏல நிறுவனத்தின் உறுதிமொழிகள் அல்ல. பெரிய ஏலங்களில் கார்கள் முன்னதாகவே பார்வைக்கு வைக்கப்படும். நான்காம் படியை அப்போதே முடித்துவிட வேண்டும், ஏனெனில் சுத்தியல் தட்டிய பிறகு கண்டுபிடிப்பவற்றுக்குப் பெரும்பாலும் தீர்வு கிடைக்காது.

முழுத் தொகையை வங்கி வழியே அனுப்பும் நாளில், காரோடு சேர்த்து ஹெரிடேஜ் சான்றிதழின் அசல், வாங்கியதற்கான ரசீது, தாள்களின் முழுக் கட்டு, எல்லாச் சாவிகளும், கழற்றி வைத்த பழைய உறுப்புகள் இருந்தால் அவையும், குறிப்பாக எண் அடித்த பழைய சட்டமும், உங்கள் கைக்கு வர வேண்டும். பழைய சட்டம் பிறகு அனுப்பப்படும் என்று சொல்லப்பட்டால், அது வந்து சேரும் வரை தொகையில் ஒரு பகுதியை நிறுத்தி வைக்க உடன்பாடு செய்துகொள்ளுங்கள்.